எட்டில் செவ்வாயும் ஏட்டில் புறனடையும்

சென்ற கல்வியாண்டின் இறுதியில் ஒருநாள் பிற்பகல். தொல்காப்பிய வகுப்பை முடித்துக்கொண்டு வெளியே வந்தபோது இளங்கலை மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி தயங்கியபடியே அருகில் வந்தாள். பாடத்தில் ஏதோ ஐயம் போலும் என்று நின்றேன். "ஐயா, எட்டாமிடத்தில் செவ்வாய் இருந்தால் கட்டிக்கொள்கிறவர் உயிருக்கு ஆகாது என்கிறார்களே, அது எந்த நூலில் இருக்கிறது?" என்று கேட்டாள்.

முதுகலை படிக்க வேண்டும் என்று இரண்டாண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தவள். நன்றாகவும் படிப்பவள். அவளுடைய ஜாதகத்துக்கு 'ஒத்த தோஷம்' உள்ள மணமகன் ஒருவர் அமைந்துவிட்டாராம், ஆவணியில் திருமணமாம். அவளைவிடப் பதின்மூன்று ஆண்டு மூத்தவர். "தோஷ ஜாதகத்துக்கு வரன் அமைவதே அரிது, இதை விட்டால் மறுபடி எப்போதோ" என்பது அவள் தந்தையின் அச்சம். அந்த அச்சத்தில் கயமை ஏதுமில்லை என்பதுதான் என்னை வாயடைக்கச் செய்தது. மகளைப் பற்றிய கவலையினால்தான் அவர் அவசரப்படுகிறார்.

அவள் கேட்ட கேள்வி எனக்குப் புதியதன்று. எங்கள் வீட்டில் பத்தாண்டுக் காலம் உலவிய கேள்வி அது. என் தந்தையார் பள்ளி ஆசிரியர். பஞ்சாங்கம் பார்க்கவும் ஜாதகம் கணிக்கவும் அறிந்தவர். அவரிடம் நானும் ஓரளவு கற்றேன். கோள்கள் மனித வாழ்வை நடத்துகின்றன என்னும் நம்பிக்கை எனக்கு இன்று இல்லை. வானியலறிஞர் ஜயந்த் நார்லிகரும் அவர்தம் குழுவினரும் 2008இல் மராட்டியத்தில் நடத்திய சோதனையை நண்பர்கள் அறிந்திருக்கலாம். படிப்பில் சிறந்த பிள்ளைகளின் ஜாதகங்களையும் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் ஜாதகங்களையும் கலந்து கொடுத்து, எது எவருடையது எனப் பிரித்துச் சொல்லுமாறு ஜோதிடர்களைக் கேட்டார்கள். 27 ஜோதிடர்கள் ஆளுக்கு 40 ஜாதகங்களைப் பார்த்தனர். சரியாகச் சொன்னது சராசரியாக 46 விழுக்காடு. காசைச் சுண்டிப்போட்டிருந்தால் அதைவிடச் சற்றுக் கூடவே கிடைத்திருக்கும்.

ஆயினும் இதைச் சொல்லிவிட்டுக் கடந்து போவது எளிது. அந்த மாணவிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அவள் தந்தை நார்லிகரைக் கேட்கப்போவதில்லை. எனவே அவர் நம்புகிற நூல்களின் எல்லைக்குள் நின்றே இதைப் பேச விரும்புகிறேன். ஏனெனில் அந்த எல்லைக்குள்ளேயே அவளுக்கு அநீதி நடந்திருக்கிறது.

ஜோதிடத்தில் ராசி வேறு, பாவம் எனப்படும் இடம் வேறு. ராசிகள் வானத்தில் நிலையாக வகுக்கப்பட்ட பன்னிரு பகுதிகள். ஒருவர் பிறக்கும் கணத்தில் கீழ்வானில் எந்த ராசி எழுகிறதோ அது லக்னம், அதுவே முதலிடம். அதிலிருந்து எண்ணப் பன்னிரண்டு இடங்கள். முதலிடம் உடல், இரண்டு குடும்பமும் சொல்லும், நான்கு தாயும் வீடும், ஏழு வாழ்க்கைத்துணை, எட்டு ஆயுள், பத்து தொழில், பன்னிரண்டு செலவும் படுக்கையும் என்று இப்படி. கோள் என்ன செய்யும் என்பது கோளின் இயல்பு. எங்கே செய்யும் என்பது அது நின்ற இடம். எவ்வாறு செய்யும் என்பது அங்குள்ள ராசி. தமிழ் படித்தவனுக்கு இதைப் பார்த்தவுடன் திணைக்கோட்பாடு நினைவுக்கு வராமல் போகாது. நிலத்துக்கு ஓர் உரிப்பொருளைக் கொடுத்து, நிலத்தை வைத்து மனத்தைப் படிப்பது நம் முன்னோர் செய்தது. குறிஞ்சி என்றால் கூடல், பாலை என்றால் பிரிதல். வாழ்வைப் பன்னிரு நிலங்களாகப் பிரித்துக்கொண்டு, எந்த நிலத்தில் எது வந்து நிற்கிறது என்று பார்ப்பதும் அத்தகைய ஒரு வாசிப்புக் கலையே. அதை வகுத்தவர்கள் மூடர்கள் அல்லர் என்பது என் துணிபு.

ஆனால் தொல்காப்பியர் திணைமயக்கத்துக்கு இடம் வைத்தார். நெய்தல் நிலத்தில் கூடலும் நிகழலாம். ஜோதிட நூலோரும் அப்படித்தான் இடம் வைத்தார்கள். அந்தப் பகுதிதான் இன்று காணாமற் போய்விட்டது.

செவ்வாய் தோஷத்தை எடுத்துக்கொள்வோம். லக்னத்துக்கு 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் செவ்வாய் நின்றால் தோஷம் என்பது தமிழகத்தில் வழங்கும் விதி. செவ்வாய் வெம்மையான கோள்; குடும்பம், வீடு, துணை, ஆயுள், படுக்கை என மணவாழ்வோடு தொடர்புடைய இடங்களில் அது நின்றால் வெப்பம் தாக்கும் என்பது கருத்து. மேலும் செவ்வாய்க்கு 4, 7, 8ஆம் பார்வைகள் உண்டு. நான்கில் நின்றாலும் பன்னிரண்டில் நின்றாலும் அதன் பார்வை ஏழாமிடத்தில் விழும். கட்டமைப்பு என்ற அளவில் விதி ஒழுங்கானதுதான்.

இங்கே ஒன்றை வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறேன். எட்டாமிடம் ஆணுக்கு அவனுடைய ஆயுள். பெண்ணின் ஜாதகத்தில் அதே எட்டாமிடம் 'மாங்கல்ய ஸ்தானம்', அதாவது கணவனின் ஆயுள். எட்டில் செவ்வாய் உள்ள ஆண் தன் உடல்நலத்தைப் பார்த்துக்கொண்டால் போதும். அதே எட்டில் செவ்வாய் உள்ள பெண்ணோ, முகமறியாத ஓர் ஆடவனின் சாவுக்கு இருபது வயதிலேயே பொறுப்பாளி ஆகிவிடுகிறாள். இந்த வேறுபாட்டைச் செய்தது வானத்தில் உள்ள எந்தக் கோளும் அன்று.

இனிப் புறனடைக்கு வருகிறேன். இலக்கண நூல்களில் விதியைச் சொன்னபின் அதற்கு அடங்காதவற்றைச் சொல்லும் நூற்பா புறனடை. செவ்வாய் தோஷ விதிக்கும் புறனடைகள் உண்டு, கொஞ்சநஞ்சமல்ல. இரண்டாமிடம் மிதுனமாகவோ கன்னியாகவோ இருந்தால் தோஷமில்லை. நான்காமிடம் மேஷம் அல்லது விருச்சிகம், ஏழாமிடம் கடகம் அல்லது மகரம், எட்டாமிடம் தனுசு அல்லது மீனம், பன்னிரண்டாமிடம் ரிஷபம் அல்லது துலாம் ஆனால் தோஷமில்லை. செவ்வாய் சிம்மத்திலோ கும்பத்திலோ நின்றால் இல்லை. குரு சேர்ந்தாலோ பார்த்தாலோ இல்லை. கடக, சிம்ம லக்னத்தாருக்குச் செவ்வாய் யோககாரகன், ஆகவே இல்லை. இதைவிட வேடிக்கை ஒன்றுண்டு. செவ்வாய் ஆட்சியோ உச்சமோ பெற்று நான்கிலோ ஏழிலோ நின்றால் அது ருசக யோகம். ஐந்து மகாபுருஷ யோகங்களுள் ஒன்று. வீரமும் தலைமையும் தருவது. ஒரே கோள், ஒரே இடம். ஒரு பக்கத்தில் சிம்மாசனம், அடுத்த பக்கத்தில் பழி. நூல் இரண்டையும் எழுதி வைத்திருக்கிறது. எதைப் படிப்பது என்பது படிப்பவரைப் பொறுத்தது. வடநாட்டார் பலர் இரண்டாமிடத்தை விட்டுவிட்டு லக்னத்தைச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். விந்தியத்தைக் கடந்தால் ஒரு பெண்ணுக்குத் தோஷம் வரவும் கூடும், நீங்கவும் கூடும்.

அந்த மாணவியின் ஜாதகத்தை வாங்கிப் பார்த்தேன். சிம்ம லக்னம். எட்டில் செவ்வாய், எட்டாமிடம் மீனம். மேலே சொன்ன புறனடைகளுள் இரண்டு அவளுக்கு நேராகவே பொருந்துகின்றன. அவர்கள் நம்புகிற நூலின்படியே அவளுக்குத் தோஷமில்லை! ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்பினேன். இரண்டு நாள் கழித்து விடை வந்தது. ஜாதகம் பார்த்தவருக்கும் அது தெரியுமாம். "தெரிந்து என்ன செய்ய? நமக்கு இல்லையென்றால் போதுமா, மாப்பிள்ளை வீட்டார் ஒத்துக்கொள்ள வேண்டுமே?" என்று அவள் தந்தை கேட்டாராம். என்னிடம் மறுமொழி இல்லை. திருமணம் ஆவணியில் நடந்தது. முதுகலை முதலாண்டு வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் இல்லை.

அவர் கேட்டது உலகியல் அறிந்த கேள்விதான். திருமணத் தகவல் படிவங்களில் 'செவ்வாய் தோஷம்: உண்டு / இல்லை' என்று ஒரு கட்டம் இருக்கிறது. புறனடை எழுத அங்கே இடமில்லை. கணினி ஒரு நொடியில் செவ்வாயின் இடத்தை எண்ணிவிடுகிறது. எண்ணுவதைத்தான் அது செய்யும். 'சுத்த ஜாதகம்' என்று ஒரு சொல் வேறு புழக்கத்தில் இருக்கிறது. அப்படியானால் மற்றவை?

அந்தச் சுத்தத்தின் அளவைக் கொஞ்சம் கணக்கிட்டுப் பார்ப்போம். பன்னிரண்டில் ஐந்து இடங்கள் தோஷம். ஒரு நாளில் பன்னிரு லக்னங்களும் எழுந்து மறைவதால், எந்த நாளை எடுத்துக்கொண்டாலும் ஏறத்தாழப் பத்து மணி நேரம் பிறக்கும் குழந்தைகள் அனைத்தும் தோஷக் குழந்தைகளே. நூற்றுக்கு நாற்பதுக்கு மேல். இத்தோடு நின்றால் பரவாயில்லை. லக்னத்திலிருந்து மட்டுமன்றிச் சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் எண்ண வேண்டும் என்பார்கள் (வலிமை குறைவு என்று தள்ளுபடி செய்வாரும் உளர்). மூன்றும் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால், மூன்று வழியிலும் தப்பிப்பவர் ஐவரில் ஒருவர்தான். ஐவரில் நால்வருக்கு உள்ளதைக் குறை என்று எந்த அகராதியைக் கொண்டு சொல்வது? புறனடைகள் இல்லாமல் இந்த விதி நடக்கவே முடியாது என்பது அதை வகுத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் அத்தனை விலக்குகள்.

இதெல்லாம் ஆதிகாலம் தொட்டு வந்தது, கைவைக்கக் கூடாது என்பாருக்கு ஒரு சொல்லாராய்ச்சி. ஏழாமிடத்துக்கு வடமொழி ஜோதிட நூல்களில் 'ஜாமித்ரம்' என்று ஒரு பெயருண்டு. அது கிரேக்க மொழியில் விட்டத்தைக் குறிக்கும் 'டியாமெட்ரோஸ்' என்பதன் திரிபு. லக்னத்துக்கு நேரெதிர் இடம் என்று பொருள். கேந்திரம், ஹோரை, பணபரம், ஆபோக்லிமம் ஆகியனவும் அவ்வாறே கடல் கடந்து வந்த சொற்கள். (பணபரத்தில் பணம் இருப்பதாக வெகுகாலம் நான் நம்பியிருந்தேன். இரண்டும் பதினொன்றும் பணபரத்துள் அடங்குவதால் அந்த நம்பிக்கைக்கு ஆதாரமும் இருந்தது!) வந்ததனால் இழிவில்லை. வராகமிகிரரே யவனர்களின் ஜோதிடப் புலமையை மதித்துப் பேசியவர். ஆனால் வந்து சேர்ந்ததும் வளர்ந்ததும் மாறியதுமான ஒன்றைக் கல்லில் வெட்டியதாகப் பேசுவது பொருந்தாது.

நம் பக்கம் பார்த்தால், வானைப் பார்க்காமல் தமிழர் மணம் செய்ததில்லை என்பதும் உண்மையே. அகநானூற்றின் 86, 136ஆம் பாடல்களில் திங்கள் உரோகிணியைக் கூடிய நன்னாளில் மணம் நடக்கிறது. பரிபாடலின் பதினோராம் பாடலில் நல்லந்துவனார் கோள்கள் நின்ற ராசிகளை வரிசையாகச் சொல்கிறார்; செவ்வாய் அங்கே மேஷத்தில் இருக்கிறது, வையையில் வெள்ளம் வருகிறது. அது ஊருக்கு மழை தரும் வானம். மணப்பாடல்களிலும் பார்க்கப்படுவது நாள். பெண்ணின் பிறப்பு நேரம் அன்று. கண்ணகியின் மணமும் உரோகிணி நாளில்தான் நடந்தது. அதன்பின் நடந்ததை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

பொருத்தம் பத்து என்கிறோமே, அந்தப் பத்து என்ற எண்ணிக்கை தொல்காப்பியத்திலும் இருக்கிறது. மெய்ப்பாட்டியலில் தலைவனுக்கும் தலைவிக்கும் ஒத்திருக்க வேண்டியவை எனப் பத்தைச் சொல்கிறார் ஆசிரியர். பிறப்பும் குடிநிலையும் முயற்சியும் வயதும் வடிவும் விருப்பமும் அடக்கமும் இரக்கமும் உணர்வும் செல்வமும் ஒத்திருக்க வேண்டுமாம். குடியையும் செல்வத்தையும் சேர்த்திருப்பதால் அதைப் பொற்காலம் என்று நான் கொண்டாட வரவில்லை. ஆனால் அந்தப் பத்தும் மனிதர்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியவை. ஒருவர் மேல் ஒருவருக்கு விருப்பமும் இரக்கமும் உண்டா என்று கேட்க வேண்டியிருந்தது. இன்றைய பத்து, அதாவது தினம், கணம் தொடங்கி ரஜ்ஜு, வேதை வரை, இருவரையும் பாராமலேயே முடித்துவிடத் தக்கது. பதின்மூன்று ஆண்டு வயது வேறுபாடு தொல்காப்பியரின் பத்தில் நான்காவதிலேயே இடறியிருக்கும்.

இளங்கோவடிகளை நினைத்துக்கொள்கிறேன். தமையன் இருக்க இளையவனே அரசாள்வான் என்று நிமித்திகன் அவையில் கூறினான். அதைக் கேட்டுத் தமையன் மனம் நோகக் கூடாதென்று இளையவன் துறவு பூண்டான் என்பது வரந்தரு காதை தரும் செய்தி. நிமித்தம் வேறு, ஜாதகம் வேறு என்பது தெரியும். நான் சுட்ட விரும்புவது, அவர் குறியைப் பொய்யென்று வாதாடவும் இல்லை, அதற்குப் பணிந்து அரியணை ஏறவும் இல்லை என்பதையே. இன்னொருவர் நோகக் கூடாது என்பதையே அவர் முதலில் பார்த்தார். எங்கள் வீட்டிலும் ஒரு குறி இருந்தது. ஆனால் நாங்கள் அப்படி நடந்துகொள்ளவில்லை.

என் அக்கா 1975ஆம் ஆண்டு புரட்டாசி முதல் வாரத்தில், கோவைப் பக்கத்து மில் ஊர் ஒன்றில், அம்மாயி வீட்டில் பிறந்தாள். வீட்டில் கடிகாரம் இல்லை. "எட்டு மணிச் சங்கு ஊதிச் செத்த நேரத்துல" என்று அம்மாயி சொன்னதுதான் பிறந்த நேரம். புரட்டாசித் தொடக்கத்தில் காலை எட்டு மணியை ஒட்டித்தான் கன்னி லக்னம் முடிந்து துலாம் தொடங்கும். அந்த வாரம் செவ்வாய் ரிஷபத்தில். துலாத்துக்கு ரிஷபம் எட்டு, கன்னிக்கு ஒன்பது. எட்டு என்றால் மாங்கல்யம். ஒன்பது என்றால் பாக்கியம். 'செத்த நேரம்' என்பது எவ்வளவு நேரம் என்பதில் என் அக்காவின் பத்தாண்டுகள் அடங்கியிருந்தன.

அப்பா பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டு துலா லக்னம் எழுதினார். 1997 முதல் அந்த ஜாதகம் போகும், திரும்பி வரும். பெண்ணைப் பிடித்திருக்கிறது என்பார்கள். ஜாதகத்தை மட்டும் மடித்துத் திருப்பித் தருவார்கள். அப்பாவின் நண்பரான ஜோதிடர் ஒருவர், "சங்கு ஊதறதுக்கு முன்னாடின்னு எழுதிடுங்க வாத்தியாரே, அஞ்சு நிமிசந்தானே" என்று சொன்னதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன். அப்பா மறுத்துவிட்டார். பிறந்த நேரத்தைத் திருத்துவது பொய்ச் சாட்சி சொல்வதற்குச் சமம் என்றார். அவருடைய நேர்மையைக் குறித்து எனக்குப் பெருமை உண்டு. அந்த நேர்மைக்கான விலையை அவர் கொடுக்கவில்லை, அக்கா கொடுத்தாள் என்பது பின்னாளில்தான் உறைத்தது. மாலையில் வேலையிலிருந்து வந்ததும், தபாலில் திரும்பி வந்த உறை மேசைமேல் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு அடுக்களைக்குள் போய்விடுவாள். எதுவும் கேட்கமாட்டாள்.

2007 தை மாதம், முப்பத்தோராம் வயதில் திருமணம். மாப்பிள்ளைக்கு ஏழில் செவ்வாய். தோஷத்துக்குத் தோஷம் சரியாய்ப் போயிற்று என்று அப்பா நிறைவோடு இருந்தார். 2016இல் அவர் காலமானார். காரியங்கள் முடிந்த பிறகு ஒருநாள் அக்கா என்னிடம் சொன்னாள். மணமான நான்காம் ஆண்டே அவள் மாமியார் அவளிடம் சொல்லிவிட்டாராம்: "உன்னையப் புடிச்சுப் போச்சு கண்ணு. உங்கப்பா தோசமில்லாத சாதகம் வேண்டாம்னாரு. அதான் இவனுக்கும் ஒரு செவ்வாயை எழுதி வாங்கிப்புட்டோம்."

அப்பாவிடம் அவள் சொல்லவேயில்லை. ஐந்து நிமிடத்தைத் திருத்த மறுத்தவருக்கு, சம்பந்தி வீட்டார் எத்தனை மணி நேரத்தைத் திருத்தினார்கள் என்பது தெரியாமலே போயிற்று. மாமா நலமாக இருக்கிறார். சர்க்கரை மட்டும் கொஞ்சம் உண்டு.

அவர்களுக்கு 2009இல் ஒரு மகள் பிறந்தாள். மருத்துவமனையில் நிமிடம் வரை குறித்துக் கொடுத்துவிட்டார்கள். சங்கு, அம்மாயி ஆகிய சிக்கல் ஏதுமில்லை. சென்ற பொங்கலுக்குப் போயிருந்தபோது, உறவினர் ஒருவர் கேட்டார் என்பதற்காகப் பிள்ளைக்கு ஜாதகம் கணித்துத் தரச் சொன்னாள் அக்கா. அப்பாவின் பழைய முறைப்படியே கட்டம் போட்டு, லக்னம் குறித்து, கோள்களை ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டிருந்தேன். காப்பியைக் கொண்டுவந்து வைத்தவள் கட்டத்தைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எழுதி மடிச்சு வெச்சிரு தம்பி. செவ்வாய் எங்க இருக்குதுன்னு மட்டும் எங்கிட்டச் சொல்லிடாதே" என்றாள்.